கழிவு என்றொரு போல்டர்

ஜெய்தூன் பீவிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிறந்த ஊர் சித்தையன்கோட்டை, வாக்கப்பட்டு வந்தது திண்டுக்கல் பேகம்பூர். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. அதன் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. திறக்க முடியாத பெட்டியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று அவள் கணவர் வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார். அது பாட்டுக்குக் கிடந்துட்டுப் போகுது என்று இவளும் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வாள். அத்தோடு அந்தப் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போய்விடும்.

வேலை பார்ப்பது சாகுல் ஹமீதின் தோல் ஷாப்பில். தோல் பதனிடும் இடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். ஆட்டுத்தோல் உப்போடு லாரியில் வந்து இறங்கும், பதமாகி மெத்தென்று வெளியே போகும். ஜெய்தூன் அந்தப் பக்கமே போவதில்லை. முன்பக்கத்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, வருகிற கடிதத்தைப் படித்துப் பதில் போடுவதுதான் அவள் வேலை. புதிதில் டைப்ரைட்டர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கடிதம் போய் மெயில் வந்தது. வந்த மெயில் எல்லாம் இறங்கிச் சேர்வதற்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று அவள் தங்கை மகன் வாஜித் வந்து தண்டர்பேர்டு என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். வாஜித் நாகல் நகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். பெயரைக் கேட்ட சாகுல் ஹமீது, "வண்டிப் பேரால்ல இருக்கு, பெட்ரோல் போடணுமா?" என்று கேட்டார். அந்த ஆபீஸில் அன்றைக்குச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

மெயில்களைப் பிரித்து வைக்க ஜெய்தூன் தனித்தனிப் போல்டர் போட்டு, எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தாள். ஆர்டர் விஷயமெல்லாம் ஆர்டர். லாரிக்காரர்களோடு நடக்கும் வம்பெல்லாம் லாரி. உப்பு வாங்குவது உப்பு. தோல் ஷாப்பிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் கழிவு. இதைவிடத் தெளிவாகப் பெயர் வைக்க யாராலும் முடியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நாமும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அந்தக் கழிவு போல்டரில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கிணற்றைப் பற்றிய மெயில்கள்தான். தோல் ஷாப்புக்குத் தாழ்வான பக்கத்தில் சங்கிலி என்ற விவசாயிக்குத் தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் அவர் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. வெஞ்சனத்துக்குப் போட்டிருந்த கத்தரிச் செடிகூட இலை ஓரம் கருகி நின்றது. ஊர் திரண்டு வந்து கேட்டைப் பிடித்து உலுக்கியது. கடைசியில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கழிவுத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது, எல்லாம் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அதோடு சங்கிலியின் கிணற்றுத் தண்ணீரை மாதாமாதம் தோல் ஷாப்பே எடுத்து மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

பார்க்கவேண்டும் என்றுதான் பேச்சு. பார்த்ததைச் சங்கிலிக்குச் சொல்லவேண்டும் என்று யாரும் பேசவில்லை. அதை ஜெய்தூன் தானாகச் செய்தாள். ரிப்போர்ட் மெயிலில் வந்ததும் அவருக்குப் போன் போடுவாள். அதில் இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருக்கும். சங்கிலிக்கு அதெல்லாம் வேண்டாம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்தான் வேண்டும். அதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"போன மாசத்துக்குக் கூடவா கொறச்சலா, பாயம்மா?" என்பார்.

குறைச்சல் என்றால் சந்தோஷம், வச்சிரட்டுமா என்பார். கூட என்றால், மழை பேஞ்சாச் சரியாகும் என்று அவரே ஜெய்தூனுக்கு ஆறுதல் சொல்வார். கூட என்ற மாதங்கள் முதலில் நிறைய இருந்தன. வருஷம் போகப் போகக் குறைந்தன. அந்தப் போனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் ஜெய்தூனுக்கு மாதத்தில் அது ஒரு முக்கியமான வேலை. தான் உட்கார்ந்து தட்டுகிற தட்டல்களில் ஒருவருக்கு நேராக உபயோகப்படுவது அது ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

அந்த மெயில் புரோகிராமுக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவ்வப்போது நடுவில் வந்து, போல்டர்களையெல்லாம் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தட்டுமா என்று கேட்கும். ஜெய்தூன் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று அமுக்குவாள். எதைச் சுருக்கப் போகிறது என்று தெரியாமல் எப்படிச் சரி என்பது? சுருங்கிய துணி எது மறுபடி நீண்டிருக்கிறது? ஸ்டோர் பார்க்கும் முருகேசன் இதைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் சோறு போடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் அமுக்குவாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

முருகேசன் சாணார்பட்டிக்காரர். ஜெய்தூனுக்கு நேர் எதிரான பிறவி. அவர் ஸ்டோரில் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். உடைந்த வாளி, கிழிந்த சாக்கு என்று ஒன்று கண்ணில் பட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அது ஷாப்பை விட்டுப் போயிருக்கும். நல்ல மனிதர், வேலையில் சுத்தம், பேச்சில் சுத்தம். சுத்தம் கொஞ்சம் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

ஜெய்தூனுக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் சில வாரங்களுக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். முருகேசனுக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் சாகுல் ஹமீது அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். முருகேசன் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியது. அதிலிருந்து விழுந்ததைப் பார்த்து அவருக்கு மனசே ஆறவில்லையாம். பிறகு அவர் பார்வை உள்ளே போயிற்று.

ஜெய்தூன் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்று, காலையிலேயே சங்கிலி போன் செய்தார். வழக்கமாக இவள்தான் செய்வாள், அவர் செய்ததில்லை. வெளிநாட்டுக்கு ஊறுகாய் போட வெள்ளரிப்பிஞ்சு வாங்கும் கம்பெனி ஒன்று கொடைரோட்டில் கிடங்கு போட்டிருக்கிறதாம். விதையும் கொடுத்து, விளைகிறதையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். சங்கிலியின் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார்களாம். ஆனால் பக்கத்தில் தோல் ஷாப் இருப்பதால், கிணற்றுத் தண்ணீரின் மூன்று வருஷத்து ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் ஒப்பந்தம் என்கிறார்களாம். அவர்களுடைய ஆபீசர் வியாழக்கிழமை வருகிறார்.

"தண்ணி கெட்ட தோட்டம்னு இம்புட்டு நாளா ஒருத்தனும் எங்கூட ஒப்பந்தம் போட்டதில்ல பாயம்மா. நீங்க மாசாமாசம் படிச்சீகள்ல, அதக் குடுத்தீகன்னாப் போதும்."

அதற்கென்ன, தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜெய்தூன் கழிவு போல்டரைத் திறந்தாள். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆபரேஷன் செய்த கண்தான் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து அந்தக் கண்ணை மூடி, மற்றக் கண்ணால் பார்த்தாள். இரண்டு கண்ணுக்கும் ஒன்றுமில்லாமல்தான் தெரிந்தது. குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அதுவும் கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது.

முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவருக்கு விஷயம் புரியவே செத்த நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால் முகத்தில் பெருமைகூட இருந்தது.

"கழிவுன்னு போட்டிருந்துச்சுக்கா. நீங்க வேண்டாததையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, அழிக்க மனசில்லாம விட்டுருக்கீகன்னு நெனச்சேன். அம்புட்டையும் கழிச்சு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெய்தூனுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? கழிவு என்றால் கழிவுதானே? ஜெய்தூன் எதையும் அழிக்க மனசில்லாதவள் என்பதும் ஊருக்கே தெரிந்ததுதானே?

மதுரைப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டாள். அந்த எண்ணே இல்லை என்றது போன். அதை நடத்தியவர் போன வருஷமே மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார் என்பது அவளுக்கும் தெரியும், தெரிந்தும் போட்டுப் பார்த்தாள். புதிதாகப் பிடித்திருந்த கூடத்தில் சில மாதத்து ரிப்போர்ட்தான் இருந்தது. மெயில் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் இறங்கியதும் வெளியே பிரதி நிற்காதபடிதான் அமைத்திருந்தது. அச்செடுத்து வைக்கும் வழக்கமும் இல்லை. சாகுல் ஹமீது வந்து கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், நம்மாலே முடிந்ததைச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். கம்பெனிக்காரரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். தோல் ஷாப்புக்காரர் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் என்று ஜெய்தூன் கேட்கவில்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது.

பொய் சொல்லி ஒரு நாள் தள்ளலாம். அது அவளால் ஆகவில்லை. சங்கிலிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அத்தனை வருஷப் பேச்சில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. ஜெய்தூன் நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். முருகேசன் எதிரே எழுந்து நின்று, தன் தப்புத்தான் என்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். சங்கிலி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முருகேசன் முடித்ததும் அவர் முருகேசனைப் பார்க்கவில்லை, ஜெய்தூனைப் பார்த்தார்.

"எங் கெணத்தக் கழிவுன்னா போட்டு வச்சிருந்தீக, பாயம்மா?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது உங்கள் கிணற்றுக்கு வைத்த பெயரில்லை, இங்கிருந்து போகிற தண்ணீருக்கு வைத்த பெயர் என்று ஜெய்தூன் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததால்தானே அவர் கிணறு இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்தது? அவளுக்கு முகம் சுட்டது. ஆமாண்ணே என்று மட்டும் சொன்னாள். சங்கிலி தலையை ஆட்டிவிட்டு, ஆறிய டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் வாஜிதுக்குப் போன் போடும் புத்தி வந்தது. முதலிலேயே போட்டிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் எது முதலில் என்பது யாருக்குத் தெரிகிறது? வாஜித் போனிலேயே ஒன்று சொன்னான்: அவன் வரும்வரை அந்த மெஷினில் யாரும் ஒன்றையும் தொடக்கூடாது. முருகேசன் துடைக்கும் துணியைக்கூட எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாஜித் வந்து உட்கார்ந்து, சமாதானமாகத்தான் ஆரம்பித்தான். இந்தப் புரோகிராமில் ஒரு மெயிலை அழித்தால் அது உடனே போய்விடாது. அழித்தது என்று அதன் மேல் ஒரு அடையாளம் மட்டும் விழும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடக்கும். போல்டரைச் சுருக்கும்போதுதான் அடையாளம் விழுந்ததையெல்லாம் நிஜமாகவே வழித்து எறியும். ஜெய்தூனுக்கு மூச்சு வந்தது. தான் எப்போதும் வேண்டாம் என்று அமுக்கியதற்கு இப்போதாவது ஒரு அர்த்தம் கிடைத்ததே என்றிருந்தது.

வாஜித் முருகேசன் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க உக்காந்திருந்தப்ப சுருக்கட்டுமான்னு கேட்டுச்சா?"

முருகேசன் தரையைப் பார்த்தார். கேட்டது. அவர் சரி என்று அமுக்கினார். சுத்தம் செய்யட்டுமா என்று ஒரு மெஷினே முன்வந்து கேட்கும்போது அவர் எப்படி வேண்டாம் என்பார்?

ஜெய்தூன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வியாழக்கிழமை ஆபீசர் வருவார், சங்கிலி வெறும் கையோடு நிற்பார், அந்த வெள்ளரிப்பிஞ்சு வேறு யார் தோட்டத்திலோ விளையும். அதைக்கூட ஒருவிதத்தில் தாங்கிக்கொள்ளலாம். இனி மாதாமாதம் எந்த முகத்தோடு அவருக்குப் போன் போடுவது? இதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரின்னு அமுக்குனதும் வேற ஏதாச்சும் சொல்லுச்சா மாமா?" என்று வாஜித் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஏதோ இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது என்றார் முருகேசன். படித்தீர்களா என்றதற்கு, ஓகே என்று ஒன்று இருந்தது, அதை அமுக்கினேன் என்றார். வாஜித் இரண்டு மூன்று இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். மெஷினின் டிஸ்க்கில் ஒரு எள் போடக்கூட இடமில்லை. அந்தப் புரோகிராம் சுருக்குவதற்கு முதலில் பக்கத்தில் கொஞ்சம் காலி இடம் எடுத்துக்கொள்ளும், அந்தக் காலி இடம் இங்கே கிடையாது. இடம் இல்லை, சுருக்க முடியவில்லை என்றுதான் அந்தப் பெட்டி சொல்லியிருக்கிறது. முருகேசன் அதற்கு ஓகே சொல்லியிருக்கிறார்.

இடத்தையெல்லாம் எது அடைத்திருந்தது என்றால், சாகுல் ஹமீது மகளின் கல்யாண வீடியோ. நான்கு கேமரா வைத்து எடுத்தது, வெட்டி ஒட்டாமல் அப்படியே இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தது. பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கியாயிற்று, அந்த வீடியோவை ஒருவரும் பார்க்கவில்லை. பிரியாணி தேக்ஸாவை இறக்குவதே அதில் அரைமணி நேரம் ஓடும். அழித்துத் தொலை என்று சாகுல் ஹமீதே பலமுறை சொல்லியிருந்தார். ஒருத்தருடைய கல்யாணத்தைத் தன் கையால் அழிக்கமாட்டேன் என்று ஜெய்தூன் மறுத்துவிட்டாள். முருகேசனும் அதைத் தொடவில்லை. ஏன் என்று வாஜித் கேட்டான்.

"அதுல கல்யாணம்னு எழுதியிருந்துச்சே" என்றார் முருகேசன்.

கழிவு போல்டருக்குள் ஒரு மெயிலும் இல்லை என்று திரை சொன்னது. டிஸ்க்கில் அந்தப் போல்டரின் கனம் மட்டும் கொஞ்சமும் குறையாமல் இருந்தது. வாஜித் முதலில் அதை அப்படியே தன் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டான். பிரதியைத் திறந்து, அழித்ததற்கு அடையாளமாக விழுந்திருந்த எண்களையெல்லாம் மாற்றிப் போட்டு, அதையே பழைய இடத்தில் வைத்து, புரோகிராமைப் புதிதாகத் திறந்தான். மெயில்கள் கீழிருந்து மேலாக நிரம்பி வந்தன. ஜெய்தூன் ஒரு பழைய ரிப்போர்ட்டைத் திறக்கச் சொல்லி, உப்பு அளவைத் தன் வாயாலேயே ஒருமுறை படித்தாள். கூடத்தான் இருந்தது. அந்த மாதம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மழை பெய்தால் சரியாகும் என்று சங்கிலி சொன்ன மாதம்.

முருகேசன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், வந்த ரிப்போர்ட்டையெல்லாம் தேதி வாரியாக அச்செடுத்து ஓரம் தட்டி அடுக்கினார். மூன்று வருஷத்துக்குத்தான் கேட்டார்கள். ஜெய்தூன் முதல் மாதத்திலிருந்தே எடுக்கச் சொன்னாள். கெட்ட மாதமும் சேர்ந்து போகிறதே என்று சாகுல் ஹமீது ஒரு வார்த்தை சொன்னார். பிறகு அவரே, போகட்டும் விடு, நடந்ததுதானே என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கிலி போன் செய்தார். ஆபீசர் தாளை எல்லாம் புரட்டிப் பார்த்தாராம், கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தும் பார்த்தாராம். இந்தப் பருவத்துக்கு விதை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜெய்தூனுக்கு அல்லாவே என்று வாயில் வந்தது. சங்கிலி போனை வைக்கவில்லை.

"இப்ப என்ன பேருல போட்டு வச்சிருக்கீக, பாயம்மா?"

அவர் இதைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மெயில்கள் திரும்பி வந்த அன்றே கிணற்று ரிப்போர்ட்டைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஒரு போல்டர் போட்டிருந்தாள். "சங்கிலி அண்ணன் கெணறுன்னு போட்டிருக்கேண்ணே" என்றாள்.

மறுமுனையில் பம்ப்செட் ஓடும் ஓசை கேட்டது.

"எம் பேரு எதுக்கு? நானா வெட்டுனேன்? எங்க ஆத்தா மண்ணு சொமந்து வெட்டுன கெணறு. ஊருக்குள்ள யாரக் கேட்டாலும் பேச்சாயி கெணறும்பாக."

அத்தனை வருஷம் மாதாமாதம் அந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று படித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜெய்தூன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். சங்கிலி அண்ணன் என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவள் தன் கையால், மனசார அழித்தது அது ஒன்றுதான்.

"சொல்லுங்கண்ணே" என்றாள். "பேச்சாயிக்குக் கடைசியில இனாவா, ஈயன்னாவா?"

எழுத்தெல்லாம் தனக்குத் தெரியாது என்றார் சங்கிலி. வாயால் மறுபடி ஒருமுறை சொன்னார். அவர் சொன்னபடியே அவள் அடித்தாள்.